இருபத்தைந்து டன் பாலம்

பழைய பாலம் ஒரு லாரி போகிற அகலம்தான். தூணுக்குத் தூண் மூன்று கண்; ஓரக் கண் இரண்டும் சின்னவை, நடுக்கண் நீளமானது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்குவாரிகள், இந்தப் பக்கம் ஊர். ஜல்லி ஏற்றிய லாரிகள் பாலத்தின் மூன்று கண்களையும் ஊர்ந்து கடந்து வந்து, ஊர்ப்பக்கம் இறங்கியதும் நேரே எடைமேடையில் ஏறி நிற்கும். மேடையை ஒட்டி ஓர் அறை. அறைக்குள் ஒரு மேசை, காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகத் தரும் ஒரு மின்விசிறி, சிவப்பு எண்கள் எரியும் ஒரு பெட்டி, பெட்டிக்கு முன்னால் எடையக்கா.

பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்க வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நாற்காலியோடு சேர்த்துத் தூக்கி மேடையில் வைத்தாலும் சிவப்பு எண்கள் அசையுமா என்பது சந்தேகம் என்று டிரைவர்கள் சொல்வார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே சீட்டு எழுதிக் கொடுப்பாள்.

ஒரு லாரிக்கு இரண்டு சீட்டு. மஞ்சள் சீட்டு, ஜல்லியை வாங்குகிறவருக்கு. அதில் சிவப்பு எண் என்ன காட்டியதோ அது அப்படியே இருக்கும். முப்பத்தைந்தோ, முப்பத்தாறோ, டிரைவருக்கு அன்று உற்சாகம் கூடியிருந்தால் முப்பத்தேழோ. வெள்ளைச் சீட்டு அரசாங்கத்துக்கு. சாலையில் யாராவது கைகாட்டி நிறுத்தினால் காட்டுவதற்கு. அதில் எப்போதும் இருபத்தைந்து டன். ஏனென்றால் பாலத்தின் இரண்டு முனையிலும் நட்டிருந்த பலகை அதற்கு மேல் கூடாது என்றது.

பதினொரு வருடமாக இப்படித்தான். கூட்டமில்லாத மத்தியான நேரங்களில் அவள் நூறு வெள்ளைச் சீட்டுகளை எடுத்து வைத்து 'இருபத்தைந்து' என்று முன்கூட்டியே எழுதி, முத்திரையும் குத்தி அடுக்கிவிடுவாள். லாரி வந்தால் வண்டி எண்ணும் தேதியும் போட்டால் போதும். பொய் எழுதுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை. கடிதத்தின் தலைப்பில் வணக்கம் என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டா எழுதுகிறார்கள்?

அந்தப் பாலத்துக்கு அறுபது வயதாகிவிட்டது, இன்னும் தாங்குமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மேலிடத்துக்குத் தோன்றியது. ஓர் இளைஞரை அனுப்பினார்கள். பொறியாளர். மூக்குக்கண்ணாடியை நிமிடத்துக்கு ஒருமுறை துடைப்பவர். ஓர் எண்ணை எழுதினால் அதை மூன்று முறை சரிபார்த்து, மூன்று முறை சரிபார்த்ததற்கு அடையாளமாகப் பக்கத்தில் மூன்று புள்ளி வைப்பவர். அவர் லாரி உரிமையாளர் சங்கத் தலைவரைத் தேடிப் போனார். தலைவர் எடையக்காவின் கூடப்பிறந்த அண்ணன்.

"நாலு லாரி வேணும். ஒவ்வொண்ணும் சரியா இருபத்தஞ்சு டன். பாலத்தோட நடுக்கண்ணுல ஒரு நாள் முழுக்க நிக்கணும். கீழ ஊசி வச்ச கருவி மாட்டியிருப்பேன். பாலம் எவ்வளவு தாழுதுன்னு அது காட்டும்."

"ஒரு நாளா? நம்ம லாரிய நகராதேன்னு அரசாங்கமே கூப்பிட்டுச் சொல்லுது. இந்த மரியாதை எங்கப்பனுக்குக்கூடக் கெடச்சதில்ல" என்றார் அண்ணன். தன் லாரிகளிலேயே நல்லதாக நான்கைத் தேர்ந்தெடுத்துக் கழுவித் துடைக்கச் சொன்னார். அதில் ஒன்றை ஓட்டுபவர் எடையக்காவின் வீட்டுக்காரர்.

நான்கு லாரிகளும் குவாரியிலிருந்து வந்து மேடையில் ஏறின. எடையக்கா வழக்கப்படி சிவப்பு எண்ணைப் பார்த்து மஞ்சள் சீட்டு எழுதினாள். இந்த ஜல்லிக்கு வாங்குகிறவர் யாருமில்லை என்பது எழுதிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. சரி கிடக்கட்டும் என்று மேசை இழுப்பறையில் போட்டாள். பிறகு வெள்ளைச் சீட்டுக்கட்டை எடுத்தாள். கேட்பது அரசாங்கம். அரசாங்கத்துக்கு எந்தச் சீட்டு என்பதில் குழம்ப என்ன இருக்கிறது? வண்டி எண்ணைப் போட்டாள், தேதியைப் போட்டாள், கொடுத்தாள்.

பொறியாளர் நான்கு சீட்டையும் வாங்கி, முத்திரை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கோப்பில் வைத்துக்கொண்டார். நடுக்கண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு லாரிகளை இடைவெளி விட்டு நிறுத்தினார். பாலத்துக்கு அடியில் கட்டிய சாரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு மணிக்கொருமுறை ஊசியைப் படித்தார்.

மறுநாள் மத்தியானம் அவர் சாரத்தைவிட்டு இறங்கி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. அவர் போட்ட கணக்குப்படி பாலம் பன்னிரண்டு மில்லிமீட்டர் தாழலாம். தாழ்ந்தது பதினேழு.

அடுத்த வாரமே உத்தரவு வந்துவிட்டது. மாதம் பிறந்ததும் பழைய பாலத்தில் லாரி போகக்கூடாது. இருசக்கர வண்டியும் நடந்து போகிறவர்களும் போகலாம். லாரிக்காரர்கள் ஆற்றோடு இருபத்திரண்டு கிலோமீட்டர் கீழே போய் நெடுஞ்சாலைப் புதுப் பாலத்தில் ஏறிக்கொள்ள வேண்டும். லாரிகளுக்கு அது அலைச்சல். எடையக்காவுக்கு அது முடிவு. லாரி வராத பாலத்தின் முனையில் எடைமேடை எதற்கு? அவள் சம்பளத்தில்தான் வீட்டு வாடகையும் மகளின் படிப்பும் ஓடிக்கொண்டிருந்தன. வீட்டுக்காரரின் வருமானம் எதில் ஓடியது என்பதை அவரே பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறார், தெரியவில்லை.

அறையைக் காலி செய்வதற்கு முன்னால் இழுப்பறையை ஒழுங்குபடுத்தினாள். அங்கே நான்கு மஞ்சள் சீட்டு. முப்பத்தைந்து புள்ளி எட்டு. முப்பத்தாறு புள்ளி நான்கு. முப்பத்தாறு புள்ளி ஒன்று. முப்பத்தைந்து புள்ளி ஒன்பது. அவளுடைய கையெழுத்து. தேதியைப் பார்த்தாள். பாலத்தில் லாரிகளை நிறுத்திய அன்றைய தேதி.

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாலத்துல நிறுத்துன அன்னைக்கு எவ்வளவு ஏத்துனீங்க?"

"இருபத்தஞ்சு."

"நெசமாவா?"

"நெசமான்னா? உங்கண்ணன் இருபத்தஞ்சுன்னு சொன்னாரு. நான் குவாரியில இருபத்தஞ்சுன்னு சொன்னேன். எப்பவும் ஏத்துற இருபத்தஞ்சுதான்."

"எப்பவும் ஏத்துறது முப்பத்தாறுங்க."

"அதைத்தான் நாம இருபத்தஞ்சுன்னு சொல்றோம்" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல. கொஞ்ச நேரம் கழித்துதான் அவர் கை ஆணியில் அப்படியே நின்றது.

அண்ணன் வீட்டில் இருப்பதைவிட லாரி ஷெட்டில்தான் அதிகம் இருப்பார். அங்கே அன்று சங்கக் கூட்டம். பொறியாளருக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது என்று ஒருவர், பாலத்துக்குப் போன மாதம் அடித்த வெள்ளையில்தான் கோளாறு என்று இன்னொருவர், ஆளுக்கொன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எடையக்கா அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, டயர் அடுக்கியிருந்த மூலையில் நின்று மஞ்சள் சீட்டைக் காட்டினாள்.

அண்ணன் நான்கையும் படித்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்.

"அட, அப்ப பாலம் நல்லாத்தான் இருக்கு. நூறு டன்னுக்கு வச்ச சோதனையில நூத்தி நாப்பத்தி நாலு டன்ன நிறுத்தியிருக்கோம். இருந்தும் நிக்குது பாரேன். அந்தக் காலத்து வேலை."

"போய் அவர்கிட்ட சொல்லிடுவோம்ணே."

சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. "என்னன்னு சொல்லுவ?"

"வெள்ளைச் சீட்டு தப்புன்னு."

"எத்தனை வெள்ளைச் சீட்டு?"

அவள் மஞ்சள் சீட்டுகளைத் திருப்பி வாங்கி மடித்தாள்.

"பதினோரு வருஷமா ஒவ்வொரு சீட்டும் தப்புன்னு சொல்லணும். அத்தனையிலயும் முத்திரை உன்னோடது, லாரி எங்களோடது. உன்னை உள்ள வைப்பாங்க. எங்க பர்மிட்ட கிழிச்சுப் போடுவாங்க. அப்புறம் பாலம் எதுக்கு, வேடிக்க பாக்கவா?"

"பாலம் இல்லன்னாலும் நான் தெருவுலதானே நிக்கப்போறேன்?"

"தெருவுல நிக்கிறதும் உள்ள உக்கார்றதும் ஒண்ணா? வாய மூடிக்கிட்டுப் போ. நான் பாத்துக்கிறேன்."

அவர் பார்த்துக்கொண்ட விதம் ஒரு மனு. சோதனையை இன்னொரு தடவை நடத்தித் தர வேண்டும் என்று சங்கமே கூடி எழுதியது. காரணம் என்ன போடுவது என்பதில்தான் சிக்கல். உண்மையான காரணம் அங்கிருந்த பத்துப் பேருக்கும் தெரிந்துவிட்டது. அதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று முடிவானது. அன்று காற்று பலமாக அடித்தது என்று எழுதினார்கள். ஜல்லி நனைந்திருந்தது என்று எழுதினார்கள். டிரைவர்கள் நான்கு பேரும் அன்று லாரிக்குள்ளேயே படுத்துத் தூங்கியதால் பாரம் கூடியிருக்கலாம் என்றும் ஒரு வரி சேர்த்தார்கள். அதை எழுதியவரின் மைத்துனர் அந்த நால்வரில் நல்ல சதைப்பிடிப்பானவர்.

இரண்டு நாளில் பதில் வந்தது. நால்வரின் எடையையும் கழித்துப் பார்த்தாயிற்று, ஊசியில் மாற்றம் இல்லை, சீட்டில் ஏதேனும் பிழை இருந்தால் மட்டும் தெரிவிக்கவும். சங்கம் அதைப் படித்துவிட்டுச் சீட்டில் எந்தப் பிழையும் இல்லை என்று உடனே எழுதி அனுப்பியது. பயத்தில் எழுதியதால் எழுத்துப் பிழைகூட இல்லாமல் எழுதியிருந்தார்கள்.

மாதம் பிறக்க நான்கு நாள் இருந்தது. எடையக்கா மஞ்சள் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு பொறியாளரின் அலுவலகத்துக்குப் போனாள். அது ஒரு மாடி அறை. சுவரில் பாலத்தின் படம், மேசையில் தாள்கள், தாள்களின் ஓரமெல்லாம் மும்மூன்று புள்ளிகள். அவர் தாடி வளர்த்திருந்தார்.

"உக்காருங்கக்கா. பாலத்தைப் பத்தியா? என்னால ஒண்ணும் செய்ய முடியலக்கா."

"அதைப் பத்தித்தான் சார். ஆனா..."

"பன்னெண்டுதான் வந்திருக்கணும்" என்றார் அவர். அவளிடம் என்பதைவிடத் தாளிடம் சொல்வதுபோல இருந்தது. "ஒம்பது தடவ போட்டுப் பாத்துட்டேன். ஒம்பது தடவையும் பன்னெண்டு. அப்ப எனக்குப் பாலத்தோட கணக்கே தெரியலன்னுதானே அர்த்தம்? இந்த வேலைய விட்டுட்டு எங்கேயாவது பள்ளிக்கூடத்துல சேர்ந்துடலாமான்னு யோசிக்கிறேன். அங்கேயும் கணக்குதான் குடுப்பாங்க, அதான் பயமா இருக்கு."

"கருவி தப்பாயிருக்கும்னு தோணலையா சார்?"

"மாத்தி மாட்டிப் பாத்துட்டேன்."

"சீட்டு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சீட்டுல முத்திரை இருக்கேக்கா" என்றார்.

எடையக்கா அதுவரை பொய் என்று எதையும் நினைக்காதவள். இந்த ஒரு வரியில் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கருவியைச் சந்தேகப்பட்டிருக்கிறார், பாலத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறார், தன்னையே ஒன்பது முறை சந்தேகப்பட்டிருக்கிறார். அவள் மத்தியானத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டே குத்திய முத்திரையை மட்டும் நம்பியிருக்கிறார். முடிச்சை அவிழ்த்து நான்கு மஞ்சள் சீட்டையும் மேசைமேல் வைத்தாள்.

அவர் கூட்டினார். பெருக்கினார். மூன்று புள்ளி வைத்தார். அவர் கணக்குப்படி நூற்று நாற்பத்துநான்கு டன்னுக்குப் பாலம் பதினேழு தாழ வேண்டும். தாழ்ந்தது பதினேழு.

"எனக்குக் கணக்கு வருது" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க வேண்டியிருந்தது கண்ணாடி இல்லை.

எழுதித் தர வேண்டும் என்றார். எழுதினால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். தெரியாது, மேலே அனுப்பிவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர் என்பதால் அதைக் கேட்க இன்னும் பயமாக இருந்தது. இருந்தாலும் எழுதினாள். இனி வெள்ளைச் சீட்டிலும் உள்ளபடி எழுதுவேன் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்; அதையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் ஆளனுப்பினார்: இனிமேல் எனக்குத் தங்கச்சி கிடையாது. வீட்டுக்காரர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், ஜெயிலில் பார்க்க வருவதற்கு எந்தக் கிழமை விடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறார்.

மேலிடம் அந்தக் கோப்பைப் படித்தது. பதினொரு வருடச் சீட்டுகளைத் தோண்டினால் பதினொரு வருடமாக அவற்றைப் பார்த்துக் கையெழுத்திட்டவர்களையும் தோண்ட வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. ஆகவே, 'சோதனையன்று தவறான நிறமுள்ள சீட்டு கொடுக்கப்பட்டது' என்று ஒரே வரியில் அதை முடித்தார்கள். மீதிப் பக்கமெல்லாம் பாராட்டு. லாரிக்கு முப்பத்தாறு டன் வீதம் ஏற்றி நடத்திய கடுமையான சோதனையில் பாலம் தேறிவிட்டது; எனவே இனி லாரிக்கு முப்பத்தாறு டன்வரை அனுமதிக்கப்படுகிறது. அப்படி எதையும் தான் சிபாரிசு செய்யவில்லை, இருபத்தைந்தே போதும் என்று பொறியாளர் பதறிப்போய்க் கடிதம் எழுதினார். இவ்வளவு அடக்கம் ஒரு பொறியாளருக்கு ஆகாது என்று பதில் வந்தது. கூடவே பதவி உயர்வும், வேறு ஊருக்கு மாற்றலும்.

ஆட்கள் வந்து பலகையில் இருபத்தைந்தை அழித்து முப்பத்தாறு எழுதிவிட்டுப் போனார்கள். அண்ணனுக்கு மறுபடியும் தங்கச்சி உண்டானாள். வீடு தேடி வந்தார்.

"நீ செஞ்சதுதான் சரி. நான்தான் அவசரப்பட்டுட்டேன். இனிமே நமக்கு ஒளிவு மறைவே வேணாம்" என்றார். எடையக்காவுக்குக் கண் கலங்கியது. இனி ஒரே சீட்டு போதும், பலகையும் சிவப்பு எண்ணும் பேனாவும் ஒரே எண்ணைச் சொல்லும். வெகுநாளைக்குப் பிறகு அன்று மத்தியானம் அசந்து தூங்கினாள்.

பலகை மாறியதற்கு மறுநாள் காலை ஏழரை மணிக்கு முதல் லாரி பாலத்தைக் கடந்து வந்து மேடையில் ஏறியது. ஓட்டுபவர் வீட்டுக்காரர். பக்கத்தில், முதல் லாரி என்பதால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அண்ணன். லாரியின் பக்கப் பலகைகளுக்கு மேல் இன்னொரு வரிசைப் பலகை அடித்திருந்தார்கள். அதற்கும் மேலே ஜல்லி கோபுரமாகக் குவிந்திருந்தது.

சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி நின்றன. நாற்பத்துமூன்று புள்ளி எட்டு.

அவள் எழுதினாள். எழுதிய சீட்டை ஜன்னல் வழியாக நீட்டினாள். அண்ணன் வாங்கிப் பார்த்தார்.

"என்ன இது?"

"எடை."

"முப்பத்தாறுன்னு போடு தங்கச்சி."

"ஒளிவு மறைவு வேணாம்னு நேத்துதானே சொன்னீங்க?"

"நமக்குள்ள வேணாம்னு சொன்னேன். இது அரசாங்கத்துக்கு."

"நான் எழுதிக் குடுத்திருக்கேண்ணே. உள்ளபடி எழுதுவேன்னு. முப்பத்தாறு ஏத்திக்கிட்டு வாங்க, முப்பத்தாறுன்னு எழுதுறேன்."

"முப்பத்தாறு ஏத்துனா முப்பத்தாறுன்னு எழுத நீ எதுக்கு? பலகைய பாத்து நானே எழுதிக்குவேனே." அவர் சீட்டைத் திருப்பி நீட்டினார். அவள் வாங்கவில்லை. "அப்ப லாரி நகராது" என்று கைகளைக் கட்டிக்கொண்டார்.

"நீங்களாவது வண்டிய எடுங்க" என்றாள் வீட்டுக்காரரிடம்.

"சம்பளம் யாரு குடுக்குறா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அவளைப் பார்க்கக் கூச்சப்பட்டு ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

பின்னால் ஒரு ஹாரன் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பேசிப் பேசிக் கால்மணி ஆகிவிட்டது. ஹாரன் ஓசை கூடிக்கொண்டே போனபோதுதான் அவள் எழுந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தாள்.

மேடையில் ஒரு லாரி. மேடைக்கும் பாலத்துக்கும் நடுவே நிற்க இடம் ஒரே லாரிக்குத்தான். மீதி எல்லாம் பாலத்தில் நின்றன. முன் லாரியின் பின்பலகையைப் பின் லாரியின் மூக்கு தொட்டுக்கொண்டு, இடைவெளி என்பதே இல்லாமல், அந்தக் கரைவரை. எல்லாவற்றிலும் இரண்டு வரிசைப் பலகை, எல்லாவற்றிலும் கோபுரம். அவள் நடுக்கண்ணை மட்டும் எண்ணினாள். ஐந்து. ஐந்து நாற்பத்துநாலு இருநூற்றிருபது. அந்த நடுக்கண்ணில் நூற்று நாற்பத்துநான்குக்கு அந்தப் பொறியாளர்ப் பையன் சாரத்தில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது சாரமும் இல்லை, ஊசியும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவள் நேர்மையாக இருந்தால் பாலம் என்ன செய்யும் என்று சொல்ல யாருமில்லை.

"அண்ணே, எல்லாம் பாலத்து மேல நிக்குது. மொதல்ல வண்டிய நகர்த்துங்க."

அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எழுது. நகர்த்துறேன்."

அவள் உட்கார்ந்தாள். முப்பத்தாறு என்று எழுதினாள். முத்திரையைக் குத்தி, அண்ணன் கையில் திணித்து, "போங்க" என்றாள். அடுத்த லாரி மேடையில் முழுதாக ஏறுவதற்கு முன்பே அதன் சீட்டு தயாராக இருந்தது. அதற்கடுத்த டிரைவருக்கு ஓடுகிற லாரியிலேயே எட்டிக் கொடுத்தாள். சிவப்பு எண்களை அவள் பார்க்கவில்லை. எண்கள் நிலைத்து நிற்க நேரமும் இல்லை. "நிக்காதீங்க, நிக்காதீங்க, வாங்கிக்கிட்டே போங்க" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். ஒரு டிரைவர், "என்னக்கா, இன்னைக்கு இவ்வளவு சுறுசுறுப்பு" என்றான். கை வலித்தது. முப்பத்தாறு, முப்பத்தாறு, முப்பத்தாறு.

பதினோராவது லாரி இறங்கிய பிறகு பாலம் காலியானது. அவள் பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்து, பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தாள். நேராகத்தான் இருந்தது போலிருந்தது. வெறும் கண்ணுக்கு மில்லிமீட்டர் தெரிவதில்லை.

லாரியை ஓரங்கட்டிவிட்டு நடந்து வந்த அண்ணன் அவள் பக்கத்தில் நின்று சட்டையின் தூசியைத் தட்டினார்.

"இதுக்கா இவ்வளவு நேரம் நிக்க வச்ச?" என்றார்.

அந்தக் கரையில் பன்னிரண்டாவது லாரி பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.